மழைக்கால இரவில் ராட்சத நத்தையை அகற்றும் முறை

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் ஊன்றிப் பெய்துவிட்டால், மாதவரத்தில் எங்கள் வீட்டு மதில்மேல் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் ஏறத் தொடங்கிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை, 1847இல் கல்கத்தாவின் ஒரு தோட்டத்தில் விடப்பட்டு இந்தியாவுக்குள் பரவியது.

முதல் வேலை, அடையாளம் காண்பது. நம் மண்ணின் நத்தைகளும் அதே மழையில்தான் வெளியே வருகின்றன. ராட்சத நத்தையின் ஓடு கூம்புபோல் நீண்டு, பழுப்புப் பட்டைகளுடன் உள்ளங்கை அளவுக்கு வளரும்; நம்மூர்த் தோட்டங்களில் பரவலாக உள்ள நத்தையின் ஓடோ தட்டையாக, உயரத்தைவிட அகலம் கூடியதாக இருக்கும். ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். முதல் ஆண்டில் நான் அவசரப்பட்டுக் கொன்றவற்றுள் பல, உள்ளூர் நத்தைகள்தாம்.

அடுத்து, மாலையில் ஒரு கோணியை நனைத்துச் செடிகளுக்கு இடையே விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையையும் முட்டைக்கோஸ் இலையையும் வையுங்கள். இரவு உணவு தேடி வருபவை, விடியும்போது அந்த ஈரத்திலேயே ஒதுங்கிக் கிடக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழுவை இவை சுமக்கக்கூடும்.

பிடித்தவற்றை, லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் போட்டு, இறந்தபின் ஆழமாகப் புதையுங்கள். உப்பைச் செடிமேல் தூவினால் மண் கெடும். வெற்று ஓடுகளில் மழைநீர் தேங்கிக் கொசு வளருமாதலால், அவற்றை நொறுக்கிவிடுங்கள்.

"இதைத் தின்னும் உயிர் எதையாவது கொண்டுவந்து விடலாமே" என்றார் மணலி நண்பர் ஒருவர். பசிபிக் பெருங்கடலின் மூரேயா தீவில் அதைத்தான் செய்தார்கள். 1977இல் அங்கே விடப்பட்ட ஊனுண்ணி ஓநாய் நத்தை, காட்டு மரங்களில் வாழ்ந்த பார்ட்டுலா என்னும் சிறு நத்தைகளைத் தின்று, பத்தே ஆண்டுகளில் அவற்றை அத்தீவின் காடுகளிலிருந்து ஏறக்குறைய முற்றிலும் துடைத்துவிட்டது. உயிரியல் பூங்காக்களில் வளர்த்துக் காப்பாற்றியவற்றைத்தான் 2015 முதல் அந்தத் தீவுக் கூட்டத்தின் காடுகளில் மீண்டும் விடுகிறார்கள். எனவே கோணியும் வாளியுமே போதும்.

ஒரே ஈட்டில் ஒரு நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதால், மழைக்காலம் முழுவதும் வாரம் இருமுறை இதைச் செய்ய வேண்டும். நர்சரியிலிருந்து தொட்டிச் செடி வாங்கினால், வேர்மண்ணைக் கிளறி, வெளிர்மஞ்சள் முத்துப் போன்ற முட்டைகள் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே தோட்டத்தில் நடுங்கள்.