யூடியூப் முகப்புக்குப் போகாமலே வீடியோ தேடுவது எப்படி?

உயர்தர இணைந்த கணிதத்துக்குத் தமிழில் பாடம் தேடலாம் என்று யூடியூப்பைத் திறக்கும் பிள்ளை, முகப்பில் வரிசையாக நிற்கும் ஷோர்ட்ஸில் மாட்டிக்கொள்வதை கொழும்பில் வெள்ளவத்தையிலும் பார்க்கலாம், கொட்டாஞ்சேனையிலும் பார்க்கலாம். நேரமும் போச்சு, டேட்டாவும் போச்சு. அந்த முகப்பைத் தொடாமலே, ஒரு கட்டளையைத் தட்டி நேரே தேடல் முடிவுக்குப் போகலாம். கணினியின் இணைய உலாவியில் சேர்க்கும் விமியம் (Vimium) என்ற இலவச நீட்சி இருந்தால் போதும்.

குரோம் வெப் ஸ்டோரில் விமியத்தைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயர்பொக்ஸுக்கும் இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கங்களை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள்.

அடுத்து கட்டளையை உருவாக்க வேண்டும். இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். யூடியூப்பில் 1234 என்று தேடுங்கள். மேலே முகவரிப் பட்டையில் அந்த எண் தெரியும். முழு முகவரியையும் கொப்பி பண்ணுங்கள். விமியத்தின் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் ‘கஸ்டம் சேர்ச் என்ஜின்ஸ்’ என்ற பெட்டி இருக்கும். அதில் புதிய வரியில் சிறிய ஆங்கில ‘ஒய்’ எழுத்து, ஒட்டினாற்போல முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு அந்த முகவரி. இப்போது 1234 ஐ அழித்துவிட்டு, அந்த இடத்தில் % குறியையும் அதை ஒட்டிச் சிறிய ஆங்கில ‘எஸ்’ எழுத்தையும் போடுங்கள். நீங்கள் தேடும் சொல் வந்து உட்காரும் இடம் அதுதான். சேமித்துவிடுங்கள்.

சரி, தேடிப் பார்ப்போம். ஏதாவது ஒரு இணையப் பக்கத்தில் இருந்தபடி ஆங்கில ‘ஓ’ விசையை அழுத்துங்கள். ஒரு பெட்டி வரும். ‘ஒய்’ தட்டி, இடைவெளி விட்டு, ‘இணைந்த கணிதம் வகையீடு’ என்று எழுதி என்டர் அழுத்துங்கள். ஷிப்டோடு ‘ஓ’ அழுத்தித் தொடங்கினால் முடிவுகள் புதிய டேபில் திறக்கும்.

தமிழில் தேடுவோர் ஒன்றைக் கவனியுங்கள்: ‘ஓ’, ‘ஒய்’ இரண்டையும் ஆங்கில விசைப்பலகையில் தட்டிய பிறகே தமிழுக்கு மாறுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். குரோமின் வெற்றுப் புதிய டேபில் விமியம் இயங்காது. அங்கே நீட்சிகளுக்கு அனுமதி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வசதி இனித்தான். 1234 தேடியபோதே வடிகட்டியில் நீண்ட வீடியோக்களைத் தேர்ந்தால், அந்தத் தேர்வும் முகவரியின் வாலில் சேர்ந்துவிடும். அதைக் கொப்பி பண்ணி ‘ஒய்’க்குப் பதில் ‘ஒய்எல்’ என்ற பெயரில் முன்போலவே இன்னொரு வரி போடுங்கள். ஒரு நிமிடத் துண்டுகள் ஒதுங்கி, நீண்ட வீடியோக்கள் மட்டும் வரும். படிக்கிற பிள்ளைக்கு இதைக் கட்டாயம் செய்து கொடுங்கள்.

முடிவுகள் வந்ததும் ‘எஃப்’ அழுத்தினால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் எழுத்துகள் தோன்றும்; வேண்டிய வீடியோவின் எழுத்துகளைத் தட்டினால் அது திறக்கும், மவுஸ் தேவையில்லை. யூடியூப்பில் முழுத்திரைக்கும் ‘எஃப்’தான் என்பதால், வீடியோ ஓடும்போது முழுத்திரை வேண்டுமானால் முதலில் ‘ஐ’ அழுத்தி, அப்புறம் ‘எஃப்’ அழுத்துங்கள்.