ஆத்தங்குடிக் கல் கோலத்தில் ஒரு சீஸ் தட்டு

மே மாதம், காரைக்குடி வீடு, சென்னையிலிருந்து விருந்தாளிகள். நடுவே வட்டமாக பிரீ என்ற மென்மையான சீஸ், சுற்றிலும் முக்கோணமாக நறுக்கிய செடார் சீஸ், இடையிடையே மாதுளை முத்து, கறுப்புத் திராட்சை. செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் கோலத்தையே போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் செடாரில் எண்ணெய் கசிந்தது. பிரீ வழிந்து திராட்சையை மூழ்கடித்தது. ஓரத்தில் அடுக்கிய சீப்புச் சீடையும் பழ ஈரத்தில் நமுத்துப்போனது.

மறுமுறை பிரீயை விட்டுவிட்டு, கெட்டியான கௌடா சீஸ். கோலத்தை எவர்சில்வர் தட்டில் போட்டு, மூடி ஃபிரிட்ஜிலேயே வைத்தேன். ஆட்கள் உட்கார்ந்த பிறகு, ஐஸ் பரப்பிய பித்தளைத் தாம்பாளத்தின்மேல் தட்டை வைத்தேன். பரிமாறுவதற்கு அரை மணி முன்பே சீஸை வெளியே எடுக்கச் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே 10 நிமிஷம் போதும். சீடை, தேன்குழல் தனிக் கிண்ணத்தில்.

“என்னத்தா இது, உப்புப் போட்ட வெண்ணெயா?” என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டு ஆச்சி நாலு துண்டு எடுத்துக்கொண்டார்.