பழைய காரில் விட்டு விட்டு எரியும் ஹெட்லைட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பத்தரை மணி இருக்கும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதும் காரின் இடது பக்க ஹெட்லைட் அணைந்தது. அடுத்த வேகத்தடையில் தானாகவே எரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை இதே கூத்துதான். மறுநாள் பல்பை மாற்றினேன். பத்து நாள் நன்றாக எரிந்தது, அப்புறம் மறுபடியும் போனது. இன்னொரு பல்பு, புது ஹோல்டர், கடைசியில் டிம் சுவிட்ச் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போனேன். ஒன்றரை மாதம் ஓடிவிட்டது, கோளாறு மட்டும் போகவில்லை.

கடைசியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பானட்டைத் திறந்தார். "தம்பி, லைட்டைப் போட்டு விடுங்க, எரியும்போதே அளந்து பாக்கலாம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பாடியில் முடுக்கியிருந்த எர்த் ஒயரின் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் ஒயர்) வளையத்தைக் கழற்றிக் காட்டினார். மேல்பக்கம் அது பளபளவென்றுதான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் முழுக்கக் கிரீம் நிறப் பெயின்ட். இரண்டு வருடம் முன்பு டிங்கரிங் செய்தபோது பெயின்ட் அடித்த இடத்தின்மேலேயே வளையத்தை வைத்து முடுக்கிவிட்டார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வண்டி குலுங்கினால் அதுவும் அறுந்துவிடும்.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறில் பொருளை மாற்றினால் பெரும்பாலும் காசுதான் வீண். மாற்றும்போது கை பட்டு ஒயர் அசையும், அந்த அசைவிலேயே சில நாள் சரியாகிவிடும். நாமும் புதுப் பொருள்தான் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். நான் செய்த முதல் தவறு இதுதான். பழைய கார் வைத்திருக்கும் பலரும் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன்.

பானட்டைத் திறக்கும் முன் எது போகிறது, எப்போது போகிறது என்று கவனிப்பதுதான் முதல் வேலை. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் இரண்டுக்கும் பொதுவான பாதையில் கோளாறு: மெயின் சுவிட்ச், டிப்பர் சுவிட்ச் (டிம், பிரைட் மாற்றும் டிம் சுவிட்ச்தான்), அதற்கு வரும் ஒயர், பொது ஃபியூஸ் இருந்தால் அது. ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்), எர்த், தனி ஃபியூஸ். டிம்மில் மட்டும் போய் பிரைட்டில் எரிந்தால் எர்த்தைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் ஒரே பல்புக்குள் இருக்கும் டிம், பிரைட் இழை இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். ஹார்னும் வைப்பரும் சேர்ந்து தடுமாறினால் ஹெட்லைட் ஒயரிங்கை விட்டுவிட்டு பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். இவ்வளவையும் ஓட்டும்போதே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. டிம்மில் போட்டிருக்கும்போது ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது, டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மினுக்குகிறது என்றால், மங்கலாக எரியும் பக்கத்தின் எர்த் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வெளியே போக வழி இல்லாத கரண்ட், அதே பல்பின் பிரைட் இழைக்குள் புகுந்து, பிரைட் ஒயர் வழியாக அடுத்த பக்கத்து விளக்குக்குப் போய் அங்கே எர்த் தேடிக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு சுவிட்சுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது என்று ஸ்டீரிங் தண்டையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

அடுத்த தவறு மல்டிமீட்டரை நம்பும் விதத்தில் இருக்கிறது. கப்ளரைக் கழற்றி, உள்ளே முனையை வைத்து, 12 வோல்ட் காட்டுகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவார்கள். ஒயருக்குள் பத்து செம்பு இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். ஹெட்லைட்டின் கதை வேறு. பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என்று இரண்டு இழை உள்ள எச்4 பல்பு இரண்டையும் டிம்மில் போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தப் பாதையில் எங்காவது 0.2 ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துவிடும். அந்த இடத்தில் சுமார் 13 வாட் சூடும் கிளம்பும். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட், அதில் பாதிச் சூடு ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் உட்கார்ந்திருக்கிறது! மஞ்சளாகிக் கருகிய கப்ளர்களைப் பார்த்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சாதாரண மீட்டரை ஓம் நிலையில் வைத்து இந்த 0.2 ஓமைப் பிடிக்கவே முடியாது, அதன் ஒயர்களின் தடையே அவ்வளவு வந்துவிடும்.

அதனால் லைட் எரியும்போதே அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றாமல், பின்பக்கம் ஒயர் நுழையும் சந்தில் மீட்டர் முனையைச் செருகுங்கள். ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், மறு முனையைப் பல்புக்கு வரும் பிளஸ் ஒயரிலும் வைத்தால், வழியில் தொலைந்த வோல்ட் நேராகவே தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். இதேபோல் பல்பின் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி மைனஸ்வரை அளங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எண் குதிக்கிறதோ, அங்கேதான் கோளாறு. எனக்கு அன்று எர்த் பக்கம் 0.3 காட்டியது, ஒயரை லேசாக ஆட்டியதும் சட்டென்று பல வோல்ட் எகிறித் திரும்பி வந்தது. இந்த ஒரு காட்சிக்காகத்தான் ஒன்றரை மாதம் அலைந்திருக்கிறேன்.

மீட்டர் இல்லாதவர்கள் பழைய எச்4 பல்பை எறிய வேண்டாம். ஒரு இழை போய் மறு இழை உயிரோடு இருக்கும் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டால் அருமையான டெஸ்ட் லாம்ப். நாலரை ஆம்பியர் இழுக்கும் என்பதால் அரைகுறைக் கனெக்‌ஷன் அதனிடம் தப்பாது. வெறும் கையால் பிடிக்காதீர்கள், சீட்டின்மேல் வைக்காதீர்கள், சூடு பொசுக்கிவிடும்.

சோதிக்கும் நேரத்திலும் தவறு நடக்கிறது. காலையில், நிழலில், வண்டி குளிர்ந்து நிற்கும்போது பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். இருபது நிமிடம் லைட்டை எரியவிடுங்கள். பேட்டரி இறங்காமலிருக்க இன்ஜினும் ஓடட்டும், ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் பித்தளை விரிந்து, தளர்ந்த பிடி விட்டுப்போகும். அந்த நேரத்தில் ஒயர்க் கொத்தை முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக ஆட்டிக்கொண்டே வாருங்கள். பானட் கீல், ரேடியேட்டர் ஓரம், ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடம் எல்லாம் முக்கியம். துளையில் இருந்த ரப்பர் வளையம் நொறுங்கிப் போயிருந்தால் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டிருக்கும்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்த வண்டி என்பதால், மூல ஒயரிங் மிஞ்சியிருந்தால் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியின் நிற முறையில் இருக்கும். சுவிட்சிலிருந்து டிப்பருக்கு நீலம், பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு. இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நாற்பது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ, நிறத்தை மட்டும் நம்பி வெட்டிவிடாதீர்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வழி கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுவது கட்டாயம். குண்டு வடிவப் பித்தளை முனைகள் ரப்பர் உறைக்குள் செருகியிருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

ஜப்பான் வழி வந்த சில பழைய வண்டிகளில் விஷயமே தலைகீழ். பல்புக்குப் பிளஸ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். இது தெரியாமல் டெஸ்ட் லாம்ப் வைத்தால், சுவிட்ச் போடாமலேயே எல்லா ஒயரிலும் 12 வோல்ட் வருவதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்துவிடுவோம். கடையில் விற்கும் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின் சுவிட்ச்) செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் வேலை செய்யாது. முதலில் உங்கள் வண்டி எந்த முறை என்று பாருங்கள்.

களிம்பைக் கண்டதும் உப்புத்தாளால் பரபரவென்று தேய்ப்பதும், ஸ்ப்ரே அடித்து விடுவதும் ஒரு வாரத்துக்கு வரும். தேய்த்தால் மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சு போய், அடுத்த மழையில் முன்னைவிட வேகமாகக் களிம்பு ஏறும். டெர்மினலை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (ஒயரின்மேல் அமுக்கிப் பிடிக்க வையுங்கள்), சில ரூபாய்தான். ஒயரைச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரை அப்படி விடுவது நெருப்போடு விளையாடுவது.

ஒயரில் ஊசியைக் குத்திச் சோதிக்கும் பழக்கமும் கூடாது. அந்த ஓட்டை வழியாக நீர் இறங்கி, ஒரு வருடம் கழித்து ஒயர் உள்ளேயே பொடிந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதையும் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கார் எரிந்துபோகும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் மட்டும் ஒரு சூட்சுமம். உள்ளே கம்பி முழுசாகத் தெரியும், ஆனால் மூடிக்குள் பற்று விட்டிருக்கும். சந்தேகம் வந்தால் அதே ஆம்பியரில் புதிது போட்டுப் பாருங்கள். முனை கூரான பீங்கான் ஃபியூஸ் என்றால் அது உட்காரும் தகட்டையும் சுத்தம் செய்து கொஞ்சம் வளைத்து இறுக்கமாக்குங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரைட்டில் இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியரைத் தாண்டும். பத்து ஆம்பியருக்கே திணறும் பழைய சுவிட்ச் என்ன ஆகும்? வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். வழியில் தொலையும் வோல்ட்டை மீட்டாலே 55 வாட் பல்பு புதுக் கார் போல எரியும்.

அதற்கு ரிலே நல்ல வழி, ஆனால் கோளாறைக் கண்டுபிடித்த பிறகு. எர்த் மோசமாக இருக்கும் வண்டியில் ரிலே போட்டால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், புதிதாக நாலு இணைப்பு கூடும். போடுவதென்றால் டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து 30ஆம் எண் முனைக்கு வரும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ரிலேவுக்குப் பக்கத்தில் போட்டால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸால் பயனில்லை. பல்புக்குப் போகும் ஒயரை 87இல் மாட்டுங்கள். 87ஏ முனையில் மாட்டினால் சுவிட்ச் போடாதபோது எரியும். எர்த்துக்கும் அதே தடிமனில் புது ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

என் வண்டியில் அன்று அந்த எலக்ட்ரீஷியன் எர்த் வேலையை மட்டும்தான் செய்தார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டினார், வளையத்தைப் புதிதாகப் போட்டார், நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கினார். மீட்டரில் எர்த் பக்கம் 0.05 காட்டியது. கழற்றி வைத்திருந்த பழைய டிம் சுவிட்சை அடுத்த வாரம் திரும்ப மாட்டிக்கொண்டேன், அது நன்றாகவே இருக்கிறது.