ஆளைக் காணோம் என்றதும் நாம் செய்யும் தவறுகள்

"அப்பத்தாவைக் காணோம்" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஊர்களில் கொஞ்ச நேரத்திலேயே ஒரு தெருவே திரண்டுவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பறந்துவிடுகிறார்கள். தேடல் பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

ஒருவர் மட்டும் எங்கேயும் போகக்கூடாது. கையில் ஒரு நோட்டோடு காணாமல் போனவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வேண்டும். கடைசியாகப் பார்த்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சேலை, காலில் செருப்பு உண்டா, காது கேட்குமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுத வேண்டும். எந்தப் பக்கம் யார் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதும் அதிலேயே ஏற வேண்டும். இது இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டை நாலு தடவை பார்த்திருப்போம், கண்மாய்க்கரையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம். கடைசியாகப் பார்த்த இடத்தில் கூட்டம் கூடி மிதித்துவிட்டால், கால்தடமும் மண்ணோடு போய்விடும்.

அடுத்தது, "வீட்டுக்குள்ள எல்லாம் பார்த்தாச்சு" என்ற பதிலை அப்படியே நம்புவது. செட்டிநாட்டு வீட்டை ஒரே பார்வையில் பார்த்து முடிக்க முடியாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, சாமான் அறைகள், மாடி, பின்கட்டுக் கிணறு என்று அது நீண்டுகொண்டே போகும். பதற்றத்தில் இருக்கும் வீட்டார் வழக்கமாகத் திறக்கும் கதவுகளைத்தான் திறந்து பார்த்திருப்பார்கள். பயந்த குழந்தை பாத்திர அறையில் ஒளிந்திருக்கலாம், அண்டாவுக்குப் பின்னால் தூங்கிக்கூடப் போயிருக்கலாம். வீட்டு ஆள் ஒருவர், வெளி ஆள் ஒருவர் என்று ஜோடியாக ஒவ்வொரு கதவாகத் திறந்து மறுபடி பாருங்கள். இன்னொன்று: இந்த வீடுகள் பலவற்றில் தலைவாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்தெருவில் மட்டும் விசாரித்துவிட்டு "யாருமே பார்க்கலை" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் காவலுக்கு இருப்பவரையோ சாவி வைத்திருப்பவரையோ கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

கருவேலங்காட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டே நடப்பதில் பயன் இல்லை. மறதி நோய் உள்ள முதியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் தராமல் இருப்பதுண்டு. எதிரே முள் மறித்தாலும் திரும்பத் தெரியாமல் அங்கேயே சிக்கி நிற்பார்கள். குழந்தைகள் தெரியாத குரலையும் டார்ச் வெளிச்சத்தையும் கண்டு இன்னும் உள்ளே ஒடுங்கும். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி ஒருவர் மட்டும் கூப்பிடட்டும். அப்புறம் வண்டிகளை அணைத்துவிட்டு, எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று காது கொடுங்கள். ஒரு முனகல் கேட்பது அப்போதுதான். ஒவ்வொரு புதருக்குள்ளும் கண் போக வேண்டும். பார்த்து முடித்த பகுதியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு நகருங்கள்.

தண்ணீரில் ஒரு உயிருக்காக இன்னொரு உயிர் போவதை நம் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சவுடு அள்ளிய கண்மாயில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாக இருக்கும். நீச்சல் தெரியும் என்று உடனே குதிக்காதீர்கள். கரையில் நின்று வேட்டி, மூங்கில், கயிறு கட்டிய மூடிய காலி கேன் என்று எதையாவது எட்டக் கொடுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடவே கூடாது. அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குப் பிராணவாயு இல்லாத நிமிடம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டும்.

பாழுங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் இதைவிட மோசம். உள்ளே விஷவாயு இருக்கலாம், பிராணவாயுவே இல்லாமலும் இருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இரண்டாமவர், அவருக்காக மூன்றாமவர் என்று வரிசையாகப் போய்விடுகிறார்கள். விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும். மூச்சுக்கருவியோடு தீயணைப்பு மீட்புப் படை வரும்வரை யாரையும் இறங்க விடாமல் தடுப்பதுதான் அங்கே தன்னார்வலரின் வேலை. எண் 101, அல்லது 112. சொந்தக்காரர்கள் திட்டுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். அப்போதும் விடாதீர்கள்.

ஆழ்துளைக் கிணற்றிலும் கூட்டத்தை விலக்குவதே முதல் உதவி. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, மீட்பு முயற்சிகளுக்கு இடையே குழந்தை இன்னும் கீழே சரிந்துபோனது நமக்கெல்லாம் தெரியும். குழியின் வாயைச் சுற்றி நின்று மண்ணைச் சரிய விடாதீர்கள், வண்டிகளைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

"24 மணி நேரம் பொறுத்துத்தான் போலீஸில் சொல்லணும்" என்பது தவறான நம்பிக்கை. அப்படி ஒரு விதியே இல்லை. காணாமல் போனது குழந்தை என்றால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013இல் சொல்லியிருக்கிறது. தேடுவதற்கு ஆள் கிளம்பும்போதே ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகட்டும்.

இரவில் செருப்போடு புதருக்குள் போகாதீர்கள். ஷூ, டார்ச், கையில் ஒரு கம்பு, கூடவே ஒரு துணை இல்லாமல் யாரும் போக வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாண ஆல்பம் போட்டோவைப் போடாமல், முகம் தெளிவாகத் தெரியும் சமீபத்துப் படத்தை, இன்றைய உடையையும் நேரத்தையும் எழுதிப் போடுங்கள். ஆள் கிடைத்ததும், தளர்ந்து உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி நின்று படம் எடுக்க வேண்டாம். கிடைத்துவிட்டார் என்ற செய்தியை அதே குரூப்புகளில் எல்லாம் போட்டு, பழைய பதிவை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.