சனிக்கிழமை சாயங்காலம், மூன்று பார்: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பெங்களூரு காக்டெய்ல் சுற்று

பெங்களூரு போய் ஒரே இரவில் ஏழெட்டு பார் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மறுநாள் ஞாபகம் இருப்பது ஆட்டோவும் டிராஃபிக்கும்தான். காக்டெய்லை ருசித்துக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு இரவுக்கு ஒரு ஏரியா, மூன்று பார், பாருக்கு ஒரு டிரிங்க். இதற்கு மேல் போனால் நாக்கும் கணக்கும் இரண்டுமே தவறிவிடும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம்மூரில் குவார்ட்டர் என்றால் 180 மில்லி, லார்ஜ் என்றால் 60, ஸ்மால் என்றால் 30. காக்டெய்ல் அழகான கிளாசில், பழச்சாறு வாசனையோடு வருவதால் அதை யாரும் லார்ஜாக எண்ணுவதில்லை. ஆனால் உள்ளே இருப்பது அதுதான். நெக்ரோனியில் ஜின் 30, கம்பாரி என்கிற கசப்பு லிக்கர் 30, மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத் 30 மில்லி. மூன்றிலும் உள்ள ஆல்கஹாலைக் கூட்டினால் ஏறக்குறைய 20 கிராம் வரும். 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜ் அடித்தாலும் அதே 20 கிராம்தான். மார்டினியும் அந்த அளவே. விஸ்கி சவரில் 45 மில்லி விஸ்கி போவதால் 15 கிராம். லாங் ஐலண்ட் ஐஸ் டீ என்கிற ஆசாமி மட்டும் ஆபத்தானவர்: வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்தும் தலா 15 மில்லி, மொத்தம் 75. குடிக்கும்போது கோலா கலந்த லெமன் டீ போல இறங்கும். 25 கிராம் உள்ளே போனதே தெரியாது.

ஆக, மூன்று காக்டெய்ல் என்றால் ஒரு குவார்ட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதித் திட்டம் தானாக அமையும்.

போவது எப்படி

காரை வீட்டிலேயே விடுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து இன்னும் ஒரு 45 கூட. "ஒருத்தன் குடிக்காம ஓட்டிடுவான்" என்று கிளம்பும் கூட்டத்தில் அந்த ஒருத்தன் இரண்டாவது பாரில் மனம் மாறுவது சகஜம். காரோடு போனாலும் சனிக்கிழமை மாலை இந்திராநகரில் பார்க்கிங் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும்.

பஸ்தான் நல்லது. ஓசூர், அத்திப்பள்ளி தாண்டியதும் பொம்மசந்திராவில் இறங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை அங்கேதான் தொடங்குகிறது. ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். தவறவிட்டால் பஸ் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் உங்களைக் கொண்டுபோய் விடும். மஞ்சள் பாதையில் ஆர்.வி. ரோடு வரை போய், பச்சைப் பாதைக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே ஊதாப் பாதைக்கு மாறினால் எம்.ஜி. ரோடு, டிரினிட்டி, அல்சூர், இந்திராநகர் என்று வரிசையாக வரும். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் போகும் ரயிலும் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லாததால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் ரூமில் பையை வைத்துவிடலாம். ரூமை ஊதாப் பாதையில், குடிக்கப் போகும் ஏரியாவுக்கு ஒன்றிரண்டு ஸ்டேஷனுக்குள் எடுங்கள். அல்சூர் நல்ல தேர்வு: தமிழர்கள் அதிகம், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, இந்திராநகரும் எம்.ஜி. ரோடும் இரண்டு பக்கமும் கிட்டத்தில்.

கிளம்பும் முன் தேதியையும் பாருங்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாளில் டாஸ்மாக் மூடியிருக்கும். அது தமிழ்நாட்டு விடுமுறை, கர்நாடகத்துக்குப் பொருந்தாது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அங்கேயும் கிடையாது. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படியே.

எந்தப் பக்கம்

முதல் தடவை என்றால் இந்திராநகர். 100 அடி ரோடு, 12வது மெயின் இரண்டிலும் பார்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நடப்பது முக்கியம். இரண்டு டிரிங்குக்கு நடுவில் பத்து நிமிடக் காற்று வாங்குவது, கேப் வரக் காத்திருந்து எரிச்சலாவதைவிட எவ்வளவோ மேல். 100 அடி ரோட்டில் இருக்கும் டாயிட் 2010 முதல் பேர் வாங்கிய இடம்தான், ஆனால் அது பீர் காய்ச்சும் இடம். அங்கே ஒரு மக் அடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு காக்டெய்லுக்குப் போனால் எதுவும் ருசிக்காது. பீரை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச் ஸ்ட்ரீட், ரெசிடென்சி ரோடு, லாவெல் ரோடு பக்கம் கொஞ்சம் வயதான நகரம். பழைய பப்களும் புதிய காக்டெய்ல் பார்களும் கலந்திருக்கும். எம்.ஜி. ரோடு மெட்ரோ போதும்.

பெரிய ஹோட்டல் பார் ஒன்றைப் பார்க்க ஆசை என்றால் இரண்டு பெயர்கள்: ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் கோபிடாஸ், லீலா பேலஸில் ஜெட்.எல்.பி.23. இரண்டுமே ஆசியாவின் சிறந்த பார்கள் பட்டியலில் இடம்பிடித்தவை. கோபிடாஸ் பல்லாரி ரோட்டில், நம் பாதைக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. லீலா பழைய ஏர்போர்ட் ரோட்டில், இந்திராநகரிலிருந்து கேபில் சீக்கிரம் போய்விடலாம். ஹோட்டல் பாரை முதலிலேயே, ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கூட்டம் குறைவு, பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும், உங்களுக்கும் நாக்கு தெளிவாக இருக்கும். கடைசியில் போனால் நல்ல காசு கொடுத்து எதைக் குடித்தோம் என்றே தெரியாது.

சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து இடம் பிடியுங்கள். அப்போதே நான்கு கேள்விகள் கேட்டுவிட வேண்டும்: ஆண்கள் மட்டும் வந்தால் உள்ளே விடுவீர்களா, கவர் சார்ஜ் என்கிற நுழைவுக் கட்டணம் உண்டா, டேபிள் எத்தனை மணி நேரம், கவுண்டரில் சீட் கிடைக்குமா. முதல் கேள்வியைக் கேட்காமல் நான்கு பையன்கள் வாசலில் நின்று திரும்புவது அடிக்கடி நடக்கும். 'ஸ்டேக் என்ட்ரி இல்லை' என்று சொல்லிவிடுவார்கள், வாதாடிப் பயனில்லை. ஷூ, முழு பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். வயசுக்கு 21 கேட்பார்கள், ஆதாரையோ லைசென்ஸையோ கையில் வைத்திருங்கள்.

கவுண்டரில் உட்கார்ந்தால்

டேபிளைவிடக் கவுண்டர்தான் நமக்கு. இரண்டு பேருக்கு மேல் இருந்தால் சிரமம், இரண்டு பேர் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் பாரில் மெனுவின் கவர்ச்சியான பெயர்களை விட்டுவிட்டு ஒரு கிளாசிக் சொல்லுங்கள். மெனுவில் அச்சடிக்காவிட்டாலும் செய்து தருவார்கள். நெக்ரோனி சொல்லிவிட்டுக் கையைக் கவனியுங்கள்.

ஜிக்கர் என்கிற அளவுக் குவளையால் மூன்றையும் அளந்து ஊற்றுகிறாரா? அளக்காமல் பாட்டிலைச் சாய்த்தால் இரண்டாவது ரவுண்டு முதல் ரவுண்டு மாதிரி இருக்காது. மிக்ஸிங் கிளாசில் ஐஸ் வாய் வரை இருக்க வேண்டும். ஐஸ் குறைந்தால் டிரிங்க் குளிர்வதற்குள் அது கரைந்து தண்ணீராகிவிடும். நீளக் கரண்டியால் சத்தமில்லாமல் 20 முதல் 30 விநாடி சுற்றுவார். அந்த நேரத்தில் கரையும் தண்ணீர்தான் கசப்பையும் காரத்தையும் தணித்துச் சேர்க்கிறது. அதனால் 'தண்ணி கலக்காம குடு' என்று கேட்பது காக்டெய்லுக்கு அர்த்தமில்லாத பேச்சு. பிறகு ஒரே பெரிய கட்டி ஐஸ் மேல் வடிகட்டி, ஆரஞ்சுத் தோலை கிளாசுக்கு மேலே பிழிவார். நுண்ணிய எண்ணெய்த் துளி தெறிப்பது வெளிச்சத்தில் தெரியும். முதல் வாசனை அதுதான். ஆரஞ்சுத் துண்டை வெறுமனே செருகிவிட்டால் அந்த வாசனை வராது.

குடித்துப் பார்த்தால் வெர்மூத் பழைய வாடை அடிக்கிறதா? வெர்மூத் ஒயின் வகை. திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டில் என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கசப்பு பிடிக்காதவர்கள் டைக்கிரி சொல்லிப் பாருங்கள்: வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். எலுமிச்சை அன்றைக்குப் பிழிந்ததா, பாட்டில் சாறா என்பது முதல் மடக்கிலேயே தெரியும். வெர்மூத்தோ எலுமிச்சையோ சரியில்லை என்றால் அந்த பாரை அடுத்த முறை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். புகை விட்டு, குமிழி வைத்துக் கொண்டுவருவதெல்லாம் ரீல்ஸுக்கு. ருசிக்கு அதனால் பெரிதாக எதுவும் சேர்வதில்லை.

இரண்டாவது பாரில் அந்தக் கடையின் சொந்தச் சரக்கைக் கேளுங்கள். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் எது அதிகம் விற்கிறதோ அதைச் சொல்வார்கள். மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்தச் சரக்கு, என்ன சுவை, எவ்வளவு ஸ்ட்ராங். 'ஜின்ல, புளிப்பா, இனிப்பு கம்மியா, லைட்டா' என்றால் பார்டெண்டருக்கு வேலை சுலபம். புளி, மாங்காய் போட்ட காக்டெய்ல்கள் நிறைய மெனுக்களில் இருக்கும். நம் மாவட்டத்து மாம்பழக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கூழ் அதிகம் போட்டால் ஐஸோடு சேராமல் மில்க் ஷேக் மாதிரி கனத்துவிடும். பச்சை மாங்காய் சேர்த்தது பெரும்பாலும் தேவலை.

இந்தியக் கற்றாழைச் சரக்கும் கேட்டுப் பாருங்கள். நம் பக்கம் வேலியோரம் வளரும் ரயில் கற்றாழை இனத்திலிருந்துதான் தக்காணத்தில் இதைக் காய்ச்சுகிறார்கள். மெக்சிகோவுக்கு உரிய பெயர் என்பதால் இதை டெக்கீலா என்று விற்க முடியாது. டெக்கீலாவில் செய்யும் மார்கரீட்டா காக்டெய்லில் அதற்குப் பதிலாகப் போட்டால் நன்றாக நிற்கும். விஸ்கிப் பிரியர்களுக்கு பெங்களூருவின் சொந்த அம்ருத் இருக்கிறது. அந்த சிங்கிள் மால்ட் 2004இல் முதலில் விற்பனைக்கு வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்.

புரட்டாசி சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள், சுத்த சைவக்காரர்கள் ஆர்டருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சவர் வகையில் மேலே நிற்கும் வெள்ளை நுரை பல இடங்களில் முட்டை வெள்ளைக்கரு. ப்ளடி மேரியில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் சேர்வதுண்டு. 'ஃபேட் வாஷ்' என்று போட்டிருந்தால் சரக்கில் கொழுப்பை ஊறவைத்து வாசனை ஏற்றியது என்று அர்த்தம். எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள், நெய்யாகவும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். கண்ணாடி போலத் தெளிந்த 'மில்க் பஞ்ச்' பாலைத் திரித்து வடிகட்டியது. பால் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்.

மூன்றாவது பாரில் ஹைபால் போல நீண்ட, சோடா அதிகமான ஒன்று. ஒவ்வொரு டிரிங்குக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர், இரண்டுக்கு நடுவில் ஒரு மணி நேரம். மாலை ஆறு மணிக்கே இரண்டு இட்லியோ ஒரு தோசையோ உள்ளே போயிருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தொடவே கூடாது, ராத்திரியில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

பில்லும் திரும்புவதும்

நல்ல பாரில் ஒரு காக்டெய்ல் தோராயமாக 600 முதல் 1,000 ரூபாய், நட்சத்திர ஹோட்டலில் அதற்கும் மேல்.  சாப்பாட்டுக்கும் சோடாவுக்கும் ஜி.எஸ்.டி. பில்லில் தனியாக வரும். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் அல்ல. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம், சண்டை தேவையில்லை.

பார்கள் ஒரு மணி வரை இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேப் தேடுவதால் 12:45க்குப் பிறகு கட்டணம் எகிறும். பன்னிரண்டேகாலுக்கே பில் கேளுங்கள். மெட்ரோ 11 மணியை ஒட்டி ஓய்ந்துவிடும், அதை நம்பி உட்காராதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் காரோடு வந்தவர்களுக்கு: உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். காபி, மோர், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. மாலை ஏழரைக்குத் தொடங்கி மூன்று காக்டெய்ல் என்றால் விடியற்காலை நாலு மணிக்குள் தெளியும். ஆறு என்றால் மறுநாள் மதியம் வரைகூட ஆகலாம். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விழலாம். ஞாயிறு காலையிலும் ஊதச் சொல்வார்கள்.

பஸ்ஸில் வந்தவர்கள் பச்சைப் பாதையிலேயே டிபனை முடித்துக்கொள்ளலாம். லால்பாக் ஸ்டேஷன் பக்கம் எம்.டி.ஆர்., நேஷனல் காலேஜ் ஸ்டேஷனிலிருந்து காந்தி பஜார் போனால் வித்யார்த்தி பவன். இரண்டிலும் ஞாயிறு வரிசை நீளம், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து ஆர்.வி. ரோடு, மஞ்சள் பாதை, பொம்மசந்திரா, பஸ்.

பாட்டில் மட்டும் வாங்கி வராதீர்கள். கர்நாடகத்தில் வாங்கிய சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், சிக்கினால் பாட்டிலும் போகும், கேஸும் வரும், சொந்த வண்டியில் வந்திருந்தால் வண்டியையும் பிடித்து வைப்பார்கள்.