ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பதின்வயது: வீடு முன்கூட்டியே தயாராவது எப்படி?

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாறத் தொடங்கிவிடும். ஆட்டிசம் இருக்கிறதே என்று இது காத்திருக்காது. பேச்சு வரட்டும், பிறகு சொல்லித்தரலாம் என்று ஒத்திப்போடும் வீடுகள்தான் திணறிப்போகின்றன.

மார்பு வளர்ச்சி தெரிந்ததுமே மாதவிடாய்க்குப் பழக்க ஆரம்பியுங்கள். முதலில் நாப்கினைத் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு 5 நிமிடம் அணியட்டும். போகப்போக ஒரு மணி நேரம். ஒட்ட வேண்டிய இடத்தை உள்ளாடையில் மார்க்கரால் வரைந்துவிட்டால் தானே சரியாக ஒட்டக் கற்றுக்கொள்வாள். பிய்த்து எறிந்தால் அடம் என்று திட்டாதீர்கள். ஓரம் உறுத்தலாம், வாசனை பிடிக்காமல் இருக்கலாம். வேறு வகை வாங்கிப் பாருங்கள்.

அந்தரங்க உறுப்பைத் தொடும் பழக்கம் அதட்டலால் நிற்காது. "தன் அறை, மூடிய கதவு" என்று இடத்தைப் படம் காட்டிக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்லி, அதே படத்தைக் காட்ட வேண்டும். ஒருவர் அதட்டி, இன்னொருவர் சிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

திடீரென்று அடிக்கிறான், கடிக்கிறான் என்றால் முதலில் உடலைப் பாருங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல். பெண் என்றால் மாதவிடாய் வலியும். சில நொடிகள் வெறித்தபடி உறைந்துபோனால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு பதின்வயதில் புதிதாகத் தலைகாட்டலாம். வலியும் நோயும் இல்லையென்றால் 2 வாரம் குறிப்பெழுதுங்கள். "கோபப்பட்டான்" என்று எழுதினால் பயனில்லை. "டிவி சத்தம் கூடியது, காதைப் பொத்தினான், தங்கையைத் தள்ளினான், டிவியை நிறுத்தினோம்" என்று எழுதினால் விஷயம் புரிந்துவிடும். தள்ளினால் சத்தம் நிற்கும் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். "சத்தம் வேண்டாம்" என்ற அட்டையைக் கொடுங்கள். அதை நீட்டிய கணமே டிவியை நிறுத்துங்கள். தாமதித்தால் பழையபடி தள்ளத்தான் செய்வான்.

இப்போது அவனுக்குப் பெரியவர்களின் பலம் இருக்கும். கொந்தளிப்பு வந்தால் யார் அருகில் நிற்பது, யார் தங்கையை வெளியே கூட்டிப்போவது என்று முன்பே பேசிவையுங்கள். அருகில் நிற்பவர் பேச்சைக் குறைக்கட்டும்.

இத்தனையையும் அம்மா ஒருத்தி தலையில் கட்டக் கூடாது. இரவு விழிப்பு, குளியல், மருந்து என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், மாற்றாக ஒரு பெயர் எழுதுங்கள். மருந்து பொறுப்பு என்றால் தீர்வதற்குள் வாங்கிவைப்பதும் சேர்த்துத்தான். கூடப் பிறந்த பிள்ளைக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எது வந்தாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். "எங்களுக்குப் பிறகு நீதான்" என்று சிறு வயதிலேயே அதன் காதில் போடாதீர்கள்.