தைபேயின் பச்சை மனிதன் இடறி விழுவானா? சோதித்துப் பார்க்கும் முறை

தைவானின் தலைநகரான தைபேயில், பாதசாரிகளுக்கான சிக்னலில் நடந்துகொண்டே இருக்கும் பச்சை மனிதன் என்றாவது ஒரு முறை கால் இடறிக் கீழே விழுவான் என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. எத்தனையாவது நடையில் விழுவான் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கணக்கு உண்டு.

இதை நேரில் சோதிக்க விரும்புவோர், 1999இல் இவன் முதன்முதலாக நடக்கத் தொடங்கிய சின்யீ வட்டாரத்துக்கே செல்வது பொருத்தம். சோங்ஷோ சாலையும் சோங்ஜி சாலையும் சந்திக்கும் அந்த இடத்துக்கு தைபே 101 கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

முதலில், சாலையைக் கடக்காமல் நடைபாதையிலேயே நின்று ஒரு முழுச் சுற்றைப் பாருங்கள். சிவப்பு விழுந்திருக்கும்போது மேல் கட்டத்தில் ஒருவன் அசையாமல் நிற்பான். பச்சை விழுந்ததும் அந்த இடத்தில் மீதமுள்ள விநாடிகள் இறங்குமுகமாக ஓட, கீழ்க் கட்டத்தில் பச்சை மனிதன் நடப்பான். நேரம் தீரும் தறுவாயில் அவன் நடை ஓட்டமாக மாறும். கண் வைக்க வேண்டிய கட்டம் அதுதான், ஏனெனில் விழுவதானால் அப்போதுதான் விழுவான் என்று யாருக்கும் தோன்றும். கதை பிறந்ததும் அந்த எதிர்பார்ப்பிலிருந்துதான் என்பது என் ஊகம்.

அடுத்த சுற்றைக் கைபேசியில் காணொளியாக எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்க்கவும். எல்இடி புள்ளிகளால் ஆன சில படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து மறைவதும், அதே வரிசை திரும்பத் திரும்ப வருவதும் அப்போது புலப்படும். ஓடும்போது மாறுவது பெரும்பாலும் படங்கள் மாறும் வேகமே. விழும் கோலத்தில் ஒரு படத்தை யாரேனும் வரைந்து அந்த வரிசையில் சேர்த்திருந்தாலொழிய, எத்தனை ஆயிரம் முறை நடந்தாலும் அவனால் விழ இயலாது. காணொளியில் உடலின் ஒரு பகுதி மறைந்து தெரிந்தால் அதைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். எல்இடி சிமிட்டும் வேகமும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாதபோது அப்படித் தெரிவது வழக்கம்.

ஓடும் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குவது மட்டும் கூடாது. அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள்.

விழாவிட்டாலும் வேறொரு கோலத்தில் அவனைக் காண வேண்டுமென்றால், தீவின் தென்கோடியில் உள்ள பிங்டோங்குக்குப் போகலாம். அங்கே 2018இல் அவனுக்கு ஒரு துணை சேர்ந்தது. பச்சையில் இருவரும் கைகோத்து நடக்கிறார்கள், சிவப்பில் அவன் மண்டியிட்டு மணம் கேட்கிறான்.